கணக்குப் பிசகாத சிறுநீரகம்



"பிரஷர் சரியாகிவிட்டது. குளிசையை நிறுத்திவிட்டேன்."

கல்பிட்டியிலிருந்து உடப்பு வரை எங்கள் கரையோரத்தில் நாலு பெண்கள் கூடுமிடத்தில் இந்த வார்த்தையை நான் அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர் பொய் சொல்லவில்லை. கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தால் கடைசி இரண்டு மூன்று தடவையும் நல்ல எண்ணே எழுதப்பட்டிருக்கும். காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்துகிறோம்; பிரஷர் இறங்கியதும் ஏன் நிறுத்தக் கூடாது? இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. "வைத்தியர் சொன்னால் போட வேண்டியதுதான்" என்று வாயை அடைப்பது அதற்குப் பதிலாகாது. சரியான பதில் ஒரு கணக்கில் இருக்கிறது. கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வீட்டுச் செலவுக் கணக்குப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

உப்பு எங்களுக்குப் புதிய பொருளல்ல. பாலாவிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது வெள்ளைக் குவியல்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். 2024ஆம் ஆண்டின் இறுதியில் பெய்த மழையால் உப்பளங்கள் பாழாகி, 2025இல் இந்தியாவிலிருந்து உப்பு இறக்க வேண்டி வந்தபோது, உப்புக்கும் தட்டுப்பாடு வருமா என்று வியந்தோம். அந்த உப்பு நம் உடம்புக்குள் போன பின் என்ன ஆகிறது என்பதை மட்டும் நாம் அதிகம் யோசிப்பதில்லை.

உள்ளே வந்தது எங்கே போகிறது?

கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. நம் இரத்தமும் உப்புக் கரிப்பதுதான். ஆனால் அதன் அளவு மிகக் கட்டுப்பாடானது. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைன் போத்தலை நினைத்துப் பாருங்கள். அதில் லீற்றருக்கு 9 கிராம் உப்பு. உடம்பு நீரின் உப்புத் தன்மையோடு ஒத்துப்போகும்படி அமைத்த அளவு அது.

இந்த அளவை உடம்பு விட்டுக்கொடுப்பதில்லை. உப்பு கொஞ்சம் கூடினால் உடனே தாகம் எடுக்கும். நாம் தண்ணீர் குடிப்போம். சிறுநீரகமும் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். ஆகவே உடம்பில் 9 கிராம் உப்பு மேலதிகமாகத் தங்கினால், அதனோடு சுமார் ஒரு லீற்றர் தண்ணீரும் தங்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு பெண் நாளுக்கு 12 கிராம் உப்புச் சாப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய சிறுநீரகம் 11 கிராமை மட்டும் வெளியேற்றுகிறது. வியர்வையில் போவதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். மிச்சம் ஒரு கிராம். ஒரு சிட்டிகை, பெரிய விஷயமல்ல என்று தோன்றும். ஆனால் ஒரு வருடத்தில் அது 365 கிராம். அதை 9 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 40 லீற்றர் தண்ணீர்! இரண்டு பெரிய தண்ணீர்க் கான் அளவு நீரை மேலதிகமாகச் சுமந்துகொண்டு யாரும் உயிர் வாழ முடியாது.

ஆக, நாள் செல்லச் செல்ல, உள்ளே வரும் உப்பும் வெளியே போகும் உப்பும் சமமாகியே தீர வேண்டும். பிரஷர் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இது பொருந்தும். நம் சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. அதில் ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்டிய உப்பு இருக்கிறது. அதில் 99 சதவீதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு, நாம் சாப்பிட்ட அளவை மட்டும் வெளியே விடுகின்றன. இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கும் கணக்கப்பிள்ளை எந்தக் கடையிலும் கிடைக்க மாட்டார்.

அப்படியானால் பிரஷர் எங்கிருந்து வருகிறது? கணக்கைச் சரிக்கட்ட உடம்பு கொடுக்கும் விலைதான் அது.

மடையும் நீர்மட்டமும்

ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் ஒரே சீராக விழுகிறது. அடியில் ஒரு சிறு மடை இருக்கிறது. ஆரம்பத்தில் தொட்டியில் நீர் குறைவு. மடையால் மெதுவாகவே வெளியேறும். நீர்மட்டம் உயர உயர, வெளியேறும் வேகமும் கூடும். ஒரு கட்டத்தில் விழுவதும் வெளியேறுவதும் சமமாகிவிடும். அதற்குப் பிறகு மட்டம் ஏறாது, இறங்காது.

இப்போது மடையில் கொஞ்சம் சேறு அடைத்துக்கொண்டது என்போம். மேலிருந்து விழும் நீர் குறையவில்லை. வெளியேறுவது குறைந்துவிட்டது. மட்டம் ஏறும். எதுவரை ஏறும்? குறுகிய மடை வழியாகவும் பழைய அளவு நீர் போகும் அளவுக்கு உயரும் வரை. அங்கே மறுபடி சமநிலை. வெளியேறும் நீரை மட்டும் அளந்து பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. மட்டத்தைப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

விழும் நீர் நாம் சாப்பிடும் உப்பு. மடை நம் சிறுநீரகம். நீர்மட்டம் இரத்த அழுத்தம். அழுத்தம் உயர்ந்தால் சிறுநீரகம் கூடுதலாக உப்பை வெளியே தள்ளும் என்பது ஆய்வுகூடங்களில் அளந்து பார்த்த உண்மை.

இதை ஒரே வரியில் எழுதலாம்: அழுத்தம் உயரும் அளவு என்பது, சாப்பிடும் உப்பை மடையின் அகலத்தால் பிரித்தால் வருவது. விளக்கத்துக்காக நானே போட்ட எண்களோடு ஒரு வீட்டைப் பார்ப்போம். அக்காவும் தங்கையும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். இருவருக்கும் நாளுக்கு 12 கிராம் உப்பு. தங்கையின் சிறுநீரகம், அழுத்தம் ஒரு அலகு கூடினால் 2 கிராம் உப்பை மேலதிகமாகத் தள்ளிவிடும். அக்காவினுடையது அரைக் கிராம்தான் தள்ளும். தங்கைக்கு 12ஐ 2 ஆல் பிரித்தால் 6 அலகு உயர்வு. அக்காவுக்கு 12ஐ அரையால் பிரித்தால் 24 அலகு உயர்வு. இருவரும் வெளியேற்றுவது அதே 12 கிராம்தான். ஆனால் அக்கா அதற்கு நான்கு மடங்கு விலை கொடுக்கிறாள்.

உப்பைப் பாதியாக்கினால்? தங்கைக்கு 3 அலகு இறங்கும். அவளுக்கு அது தெரியவே தெரியாது. அக்காவுக்கு 12 அலகு இறங்கும். "உப்பைக் குறைத்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒருவரும், "குறைத்த பிறகு நல்ல சுகம்" என்று இன்னொருவரும் சொல்வது இதனால்தான். இருவர் சொல்வதும் உண்மை. வயது போகப் போகவும், சீனி வியாதி வந்தாலும், சிறுநீரகம் பழுதுபட்டாலும் மடை குறுகும். இன்று தங்கையாக இருப்பவர் 50 வயதில் அக்காவாகிவிடலாம்.

போலியோவுக்குப் பின் போட்ட கணக்கு

இந்தத் தொட்டிக் கணக்கின் விரிந்த வடிவத்தை உலகுக்குத் தந்தவர் ஆர்தர் கைட்டன் என்ற அமெரிக்கர். நம் நாட்டிலும் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளின் மேசையில் கிடக்கும் தடித்த உடற்றொழிலியல் புத்தகத்தை எழுதியவர் அவர்தான். 1919இல் பிறந்த அவர் சத்திர சிகிச்சை நிபுணராகப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தபோது, 1946இல் போலியோ தாக்கியது. ஒரு காலும் ஒரு கையும் பலமிழந்தன. கத்தி பிடிக்கும் வழி அடைபட்டதும் அவர் கணக்கின் பக்கம் திரும்பினார். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் இருந்தபடி, இதயம், இரத்தக் குழாய், நரம்பு, சிறுநீரகம், தாகம் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு சமன்பாடாக எழுதி, அவற்றை ஒன்றோடொன்று கோத்தார். 1972இல் தம் தோழர்கள் கோல்மன், கிரேஞ்சர் ஆகியோருடன் வெளியிட்ட வரைபடத்தில் 350க்கும் மேற்பட்ட கட்டங்கள் இருந்தன. அந்தச் சமன்பாடுகளை அன்றைய கணினியில் ஓட்டி, நோயாளியைத் தொடாமலே நாட்கணக்கில் உடம்பில் என்ன நடக்கும் என்று பார்த்தார்கள்.

உடம்பு தன் உள்நிலையைக் காத்துக்கொள்கிறது என்பதைப் பிரெஞ்சு அறிஞர் குளோட் பெர்னார்ட் 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தார். அதற்குப் பெயரிட்டவர் அமெரிக்கரான வோல்ட்டர் கனன். காப்பது யார், எவ்வளவு வேகமாக, எவ்வளவு தூரம் என்று எண் போட்டுக் காட்டியதே கைட்டனின் பங்களிப்பு.

அதில் ஒரு முடிவு நமக்கு முக்கியமானது. அழுத்தத்தைக் கட்டுப்படுத்த உடம்பில் பல காவலர்கள் இருக்கிறார்கள். பாயிலிருந்து சட்டென்று எழும்பும்போது தலை சுற்றாமல் காப்பது நரம்பு. சில விநாடிகளில் வந்து உதவும். ஆனால் உயர்ந்த அழுத்தம் நாட்கணக்கில் நீடித்தால் நரம்பு அதையே வழக்கமென்று எடுத்துக்கொண்டுவிடும். சிறுநீரகம் அப்படியல்ல. மெதுவாகத்தான் அசையும். ஆனால் கணக்கில் ஒரு சதம் பிசகு இருக்கும் வரை ஓயாது. அவசரத்துக்கு ஓடி வரும் அயல்வீட்டுப் பெண் நரம்பு என்றால், மாதக் கணக்கை வரிவரியாகப் பார்க்கும் மாமியார் சிறுநீரகம். கடைசி வார்த்தை யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

குளிசை என்ன செய்கிறது?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பிரஷருக்குத் தரும் குளிசைகளில் ஒரு வகை, சலத்தோடு உப்பைப் போக்குவது. அது மடையை அகலமாக்குகிறது. போடத் தொடங்கிய முதல் சில நாட்களில் அடிக்கடி சலம் போகும்; உடம்பில் நிறையும் சற்றுக் குறையும். பிறகு அது பழைய அளவுக்கு வந்துவிடும். "குளிசை இப்போது வேலை செய்வதில்லை" என்று சிலர் நினைப்பது இங்கேதான். உண்மையில் தொட்டி புதிய சமநிலைக்கு வந்துவிட்டது. விழுவதும் வெளியேறுவதும் முன்போலச் சமம். மட்டம் மட்டும் கீழே இருக்கிறது. வேறு வகைக் குளிசைகள் இரத்தக் குழாய்களைத் தளர்த்தியும், உப்பைப் பிடித்து வைக்கும் சுரப்புகளைத் தடுத்தும் அதே பலனைத் தருகின்றன.

குளிசையை நிறுத்தினால் மடை மறுபடி குறுகும். உப்பு மிஞ்சும். மட்டம் ஏறும். பழைய இடத்துக்கு வந்த பிறகுதான் நிற்கும். இதற்குச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம். ஆகவே நிறுத்திய மறுநாள் அளந்து பார்த்து "பார், கூடவில்லை" என்பது சரியான சோதனை அல்ல. கொப்பியில் உள்ள நல்ல எண், குளிசையும் சேர்ந்து போட்ட எண். காய்ச்சல் மருந்து போல நோயைத் துரத்திவிட்டு ஓய்ந்த மருந்தல்ல இது; மடையைத் திறந்து பிடித்திருக்கும் கை. கையை எடுக்கலாமா, எப்போது எடுக்கலாம் என்பதை அளந்து பார்த்து வைத்தியர் தீர்மானிக்கட்டும். நிறை குறைந்து, உப்புக் குறைந்து, நடை கூடிய சிலருக்குக் குளிசையைக் குறைக்கவும் முடியும்.

கிளினிக்குக்குப் போவதில் பயன் உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. இலங்கையின் 11 ஆஸ்பத்திரிக் கிளினிக்குகளில் 700 பேரை வைத்து நடத்தி, 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையாகக் கொடுத்தார்கள். அதில் ஒன்று மடையை அகலமாக்கும் வகை. ஆறு மாதத்தில் அவர்களில் சுமார் 70 சதவீதத்தினர் எதிர்பார்த்த எண்ணுக்கு வந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் 55 சதவீதத்தினர். 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரிடம் நடந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் வீடு தேடிப் போய் அளந்து, ஆலோசனை சொன்ன இடங்களில், இரண்டு வருடத்தில் மேல் எண் மற்ற இடங்களை விட 5 அளவுக்குக் கூடுதலாக இறங்கியிருந்தது. வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஒரு பெண்ணின் பெறுமதியை நாம் குறைவாக மதிப்பிடக் கூடாது.

கணக்குக்கு அடங்காதவை

எல்லாம் தொட்டியும் மடையும்தானா என்றால், இல்லை. நரம்புகளுக்கும் இரத்தக் குழாய்களுக்கும் கைட்டன் கொடுத்ததை விடப் பெரிய பங்கு உண்டு என்று வாதாடும் விஞ்ஞானிகள் இன்றும் இருக்கிறார்கள். செவ்வாய்க்குப் போவதற்கான ஒத்திகையாக மொஸ்கோவில் 2010, 2011ஆம் ஆண்டுகளில் சிலரை மாதக்கணக்கில் அடைத்து வைத்து, உப்பை அளந்து கொடுத்துப் பார்த்தபோது, தினமும் ஒரே அளவு சாப்பிட்டவர்களும் ஒரு நாள் கூட்டியும் ஒரு நாள் குறைத்தும் வெளியேற்றினார்கள். உடம்புக்குள் உப்பைத் தற்காலிகமாக வைக்கும் இடங்களும், அதற்கென ஓர் ஒழுங்கும் இருப்பது தெரியவந்தது. நம் தொட்டிக்குப் பக்கத்தில் சிறு குழிகளும் உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கணக்கின் பெருமை, எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில் இல்லை. எங்கே பிழைக்கிறது என்று பார்க்க இடம் தருவதில் இருக்கிறது.

ஆனால் அடிப்படை ஆட்டம் காணவில்லை. 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வில் உலகின் 52 இடங்களில் 10,079 பேரை அளந்தார்கள். அமேசன் காட்டில் வாழும், சமையலுக்கு உப்பே சேர்க்காத யனோமாமி மக்களின் சராசரி அழுத்தம் 95க்கு 61. அவர்களிடையே வயதோடு பிரஷர் ஏறுவது காணப்படவில்லை. வயது போனால் பிரஷர் வருவது இயற்கை என்று நாம் சொல்வதை இது யோசிக்க வைக்கிறது.

குசினியில் ஒரு சோதனை

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வளர்ந்தவருக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவு. ஒரு மட்டமான தேக்கரண்டி. உலகச் சராசரி 10 கிராமுக்கும் மேல். உங்கள் வீட்டில் எவ்வளவு? யாரையும் கேட்கத் தேவையில்லை. அடுத்த முறை ஒரு கிலோ உப்புப் பக்கெற்றை உடைக்கும் நாளை, பேனையால் அதன் மேலேயே எழுதுங்கள். முடியும் நாளில் நாட்களை எண்ணுங்கள். 1000ஐ வீட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையாலும், அந்த நாட்களாலும் பிரியுங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டில் 40 நாள் வந்தால் ஆளுக்கு 5 கிராம். 20 நாளில் முடிந்தால் 10 கிராம். மீன் கழுவவும் கருவாடு போடவும் எடுக்கும் உப்பை வேறு பாத்திரத்தில் வையுங்கள். கருவாடு, மாசிச் சம்பல், அச்சாறு, பாண், பிஸ்கட், சூப் கட்டி ஆகியவற்றில் வரும் உப்பு இந்தக் கணக்குக்கு வெளியே என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நான் செய்யும் சில சிறு காரியங்களைச் சொல்கிறேன். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதே கறிக்கு உப்புப் போடாமல் சமைப்பது. சோறு வேகும்போது உப்புப் போடாதிருப்பது. தேசிக்காய்ப் புளியைக் கூட்டி உப்பைக் குறைப்பது. ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் நாக்குப் பழகிவிடும். குறைக்க வேண்டியது அளவைத்தான். அயடீன் சேர்த்த உப்பை விட்டுவிட வேண்டாம். பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அது அவசியம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். முழங்கால் வலிக்கென்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக், இபுபுரோபன் போன்ற குளிசைகள் சிறுநீரகத்தின் மடையை இறுக்கக்கூடியவை. பிரஷர் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேளாமல் தொடர்ந்து பாவிக்க வேண்டாம். உப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொற்றாசியம் சேர்த்த உப்பு இப்போது வெளிநாடுகளில் கிடைக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், அதனால் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் சில பிரஷர் குளிசைகள் போடுபவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். கர்ப்பிணித் தாய்மார் இந்தப் பக்கத்தைப் பார்த்து எதையும் மாற்ற வேண்டாம். கர்ப்ப காலத்துப் பிரஷர் வேறு கணக்கு. வெயிலில் உப்பளத்தில் வேலை செய்து வியர்வையில் உப்பை இழப்பவர்களும், வயிற்றோட்டம் கண்டவர்களும் தண்ணீரை மட்டும் குடித்தால் போதாது. வயிற்றோட்டத்துக்கு ஜீவனி கரைத்துக் குடிக்க வேண்டும். சலம் போக்கும் குளிசை போடுபவருக்கு வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் அன்றே வைத்தியரிடம் கேட்க வேண்டும். நோன்பு காலத்தில் குளிசை நேரத்தை மாற்றவும் முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம்.

உயர்ந்த மட்டத்தில் வருடக்கணக்காக நிற்கும் தொட்டியின் சுவர் ஒரு நாள் வெடிக்கலாம். பக்கவாதம் அப்படியும் வரும். அது வந்த வீட்டில் தாயைத் தூக்கிக் குளிப்பாட்டும் வேலை பெரும்பாலும் ஒரு மகளின் தலையில்தான் விழுகிறது. அவளுடைய படிப்பும் தொழிலும் நின்றுபோவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த கிளினிக்கில் உங்கள் எண் நன்றாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். கூடவே வைத்தியரிடம் இப்படிக் கேளுங்கள்: "இந்த எண் குளிசையோடு வந்தது. இதை இப்படியே வைத்திருக்க நான் இனி என்ன செய்ய வேண்டும்?" நல்ல வைத்தியர் எவரும் அந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்குவார்.